கதவு சொன்ன சேதி

“யாரைக் கேட்டுத் தம்பி என் கதவுல கை வச்சே?”

கீழ்வீட்டிலிருந்து மூச்சு வாங்க மாடியேறி வந்த வீட்டுக்காரம்மா, இடுப்பில் கை வைத்து நின்றார்.

மாடியில் குடியிருப்பவன் திருப்புளியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டென்று எழுந்தான்.

“போன்ல கேட்டேனேங்கம்மா. நீங்களும் சரின்னுதானே சொன்னீங்க?”

“பூட்டு மாத்தறேன்னு சொன்னே. இதுல பூட்டையே காணோமே! வெறும் கைப்பிடிதான் இருக்கு.”

“இதுதாங்க பூட்டு. விரலை வச்சா திறந்துக்கும். கதவுல புதுசா ஒரு ஓட்டைகூடப் போடலை. பழைய ஓட்டைக்குப் பொருந்தற மாதிரி பட்டறையில வளையம் கடைஞ்சு கொண்டு வந்தேன். காலி பண்ணும்போது உங்க பழைய பூட்டையே மாட்டிக் கொடுத்துடுவேன்.”

லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன் கைவேலை. வீட்டுக்காரம்மா தடவிப் பார்த்தும் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

“இந்தச் சின்ன போர்ஷனுக்கு இதெல்லாம் தேவையா? உள்ளே என்ன தங்கக்கட்டியா வச்சிருக்கே?”

“இவளுக்காகத்தாங்க. திங்கட்கிழமையிலேர்ந்து ஸ்கூல் வேன் ஓட்டப் போறா. ஒரு கையில பாப்பா, ஒரு கையில பை. சாவியைத் தேடிக்கிட்டு நிக்க வேண்டாம் பாருங்க.”

பக்கத்தில் பாப்பாவோடு நின்ற அவன் மனைவி கட்டைவிரலை வைத்தாள். கீச்சென்று சத்தம் போட்டுப் பூட்டு திறந்தது. பாப்பா கைதட்டியது.

வீட்டுக்காரம்மா மட்டும், “ம்ம்ம்…” என்று இழுத்தபடி இறங்கிப் போனார்.

அந்த ‘ம்ம்ம்’முக்கு அர்த்தம் அவள் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரம்மா அவளை மாடிப்படியில் மடக்கினார்.

“ஏம்மா, என் மருமகன் வீட்டுலயும் இதே மாதிரி பூட்டுதான். கதவு திறந்தா போதும், அவன் போன்ல மணி அடிச்சிடும். யார் போனா, யார் வந்தா, எல்லாம் தெரிஞ்சிடும்.”

“அதனால என்னங்கம்மா?”

“வெகுளியா இருக்கியே! இத்தனை நாளா பழைய பூட்டு போதுமா இருந்துச்சு. நீ வெளியே கால் வச்சதும் மணி வச்ச பூட்டு கேட்குதா? மாட்டுக்குன்னா கழுத்துல கட்டுவாங்க. உன் வீட்டுக்காரர் கதவுல கட்டிட்டார்.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நினைத்தபடி அவள் படியேறினாள். ஆனால், அந்தச் சொல்லும் கூடவே படியேறி வந்துவிட்டது.

சாப்பிடும்போது கேட்டாள்.

“நான் கதவைத் திறந்தா உங்க போன்ல மணி அடிக்குமாமே?”

அவனுக்குப் புரையேறியது. “ஆ… ஆமா. அடிக்கும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொல்ல என்ன இருக்கு? அதுபாட்டுக்கு அடிக்கும்.”

“அடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?”

“சும்மா… பார்ப்பேன்.” அவள் முகத்தைப் பார்க்காமல் பாப்பாவுக்கு ஊட்ட ஆரம்பித்தான். “ஆமா, நேத்து போயிட்டு உடனே திரும்பி வந்துட்டுப் போனியே, எதுக்கு?”

அவளுக்குச் சுருக்கென்றது.

“பாப்பாவோட தண்ணி பாட்டிலை மறந்துட்டேன். அதுக்குக்கூடக் கணக்குச் சொல்லணுமா?”

“அய்யோ, அதுக்கில்லடி…” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

அவள் ஆறாவதோடு நின்றவள். நாலு பேர் எதிரில் பேசுவதற்கே கூசுவாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அந்தக் கூச்சம் போன இடம் தெரியாது. ஆளில்லாத மைதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ ஓட்டு, நான் இருக்கேன்” என்று கற்றுக்கொடுத்ததே இவன்தான். அவனா இப்படி?

மனசுக்குள் இந்த முள்ளை வைத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஒன்று அந்தப் பூட்டு போகணும், இல்லை இந்த வேலை போகணும். அவன் பட்டறையிலேயே போய், முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் கணவன் விடியும்போதே வேலைக்குக் கிளம்பிவிட்டான். அவளும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே யூனிபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு, பாப்பாவோடு கதவைச் சாத்தினாள்.

பட்டறை வாசலில் எண்ணெய் வாசனை அடித்தது. மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. ஆளாளுக்கு டீ கிளாஸோடு நின்றார்கள். கணவனை மட்டும் காணோம்.

அத்தனை ஆண்களைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாரும்மா?” என்று கேட்டார் முதலாளி.

“அவரைப் பார்க்கணுங்க. எங்க வீட்டுப் பூட்டு விஷயமா…”

பூட்டு என்றதும் அங்கே கொல்லென்று ஒரு சிரிப்பு. அவளுக்கு முகம் சிவந்து, கண் கலங்கியது. அப்படியானால் இது பட்டறை முழுக்கச் சிரிக்கிற விஷயமா?

“அட, வேன் ஓட்டற பொண்ணு நீதானா! அதானே பார்த்தேன், இன்னைக்கு டீ சீக்கிரமே வந்துடுச்சேன்னு” என்றார் முதலாளி.

“புரியலீங்க.”

“உங்க வீட்டுக் கதவு திறந்தாத்தான்மா எங்களுக்குக் காலை டீயே! இப்பகூட அவன் டீக்கடைக்குக் காசு கொடுக்கத்தான் போயிருக்கான். போன்ல மணி அடிச்சதும் மெஷினை நிறுத்திட்டு, ‘என் பொண்டாட்டி வண்டி எடுக்கக் கிளம்பிட்டா’ன்னு பட்டறையே அதிரக் கத்துவான் உன் புருஷன். கத்தின கையோட எங்க எல்லாருக்கும் டீ வாங்க ஓடிடுவான்!”