ஒரு நிமிடம் கூடிய படம்

"அண்ணை, உங்கடை படத்துக்கு ஏற்கெனவே ஒரு நம்பர் குடுத்திருக்கு" என்றாள் எடிட்டர் ஷெரோன்.

இயக்குநர் ஜெயரூபனுக்கு எரிச்சல் வந்தது. உலகத்துப் படங்களுக்கெல்லாம் தனி அடையாள இலக்கம் கொடுக்கும் பதிவகத்தில் தன் முதல் படத்தைப் பதியத்தான் அவளிடம் வந்திருந்தான்.

"விசர்க்கதை கதையாதை. நேற்றுத்தானே எடிற்றிங் முடிஞ்சது. வேறை ஆற்றையோ படமாய் இருக்கும்."

"இல்லை அண்ணை. பெயர், ஆக்கள், எடுத்த இடம் குருநகர், எல்லாம் ஒத்துப்போகுது. ஆனா உது எங்கடை படத்தைவிட ஒரு நிமிசம் கூட. அதாலை வேறை பதிப்பெண்டு தனி நம்பர் விழுந்திருக்கு."

"ஆர் பதிஞ்சது?"

"எங்கடை கணக்கிலை இருந்துதான். ஆனா நான் பதியேல்லை."

"அந்த ஒரு நிமிசத்திலை என்ன இருக்கு?"

"படம் வெளிவாறதுக்கு முதல் காலமானவருக்கு அஞ்சலி எண்டு போட்டிருக்கு."

படத்தில் மீன்பிடி வள்ளங்களின் முதலாளியான சம்மாட்டியாக நடித்த லியோன் ஐயா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜெயரூபன் உடனே அவருக்குப் போன் எடுத்தான்.

"நான் சுகமாய் இருக்கிறன் தம்பி. நாளைக்கு ஆஸ்பத்திரியிலை துண்டு வெட்டி வீட்டை போக விடுகினம்" என்று சிரித்தார் லியோன்.

ஜெயரூபன் பெருமூச்சு விட்டான். "பாத்தியே, ஆரோ சேட்டை விட்டிருக்கிறாங்கள். அதை அழிச்சுவிடு."

ஷெரோன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒருக்கால் குடுத்த நம்பரை ஆராலும் அழிக்க ஏலாது அண்ணை. லியோன் ஐயான்ரை பெயர் சரியாய்த்தான் கிடக்கு. உங்கடை பெயருக்கு முன்னாலைதான் 'அமரர்' எண்டு கிடக்கு."