ஆறாவது பட்டை

பேருந்து இருக்கைக்கான ரப்பரில், தீ பரவாமலிருக்க, கிராஃபீன் என்னும் கருந்தூளைக் கலந்து, ஐந்து பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பத்து நொடி தீயில் காட்டி, எத்தனை நொடியில் அணைகிறது என்று எழுதுவது செசிலியின் வேலை. அவள் எப்போதும் ஆறு பட்டை வெட்டுவாள். ஆறாவதை எங்கும் எழுதுவதில்லை.

இன்று ஐந்தும் இரண்டே நொடியில் அணைந்தன. எல்லோரும் சாப்பிடப் போனபின் ஆறாவதைக் கொளுத்தினாள்.

“அஞ்சும் பாஸாயிடுச்சே, இது எதுக்கும்மா?” என்றார் வாசலில் நின்ற மேலாளர்.

அவள் கணவர் கடைசியாக ஓட்டிய பேருந்து பதினொரு நிமிடம் எரிந்ததாகச் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள்.

“எழுதறதுக்கு இல்ல சார். அணையிறதப் பாக்கணும்.”

தீ அணைந்தது. மேலாளர் போகும்வரை காத்திருந்து, அதே பட்டையை மறுபடியும் கொளுத்தினாள்.