அவங்க இறங்குற ஊருக்கு ஒண்ணு

"அவங்க எங்க இறங்குறாங்களோ, அந்த ஊருக்கு ஒண்ணு குடுங்க."

குரல் பின் சீட்டிலிருந்து வந்தது. கண்டக்டர் சற்று முன் சிவசங்கரிக்குக் கொடுத்தது போலவே ஒரு கம்மாபுரம் டிக்கெட்டைக் கிழித்து அவனிடம் நீட்டினார். சிவசங்கரி திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையை மடியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

விருத்தாசலம் பஸ் நிலையத்திலேயே அவனைக் கவனித்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கசங்கிய சட்டை, பேன்ட்டின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளைக் களிமண். அந்த மண்ணை அவளுக்குத் தெரியும். போன வாரம் அவள் செருப்பிலும் அதுதான் அப்பியிருந்தது.

சக்கரபாணி அனுப்பிய ஆள்தான். வேறு யாராக இருக்க முடியும்?

மனைப்பிரிவு வரைபடங்களில் கையெழுத்துப் போட லைசென்ஸ் வாங்கியவள் சிவசங்கரி. ஊருக்கு வெளியே, பீங்கான் கம்பெனிகளுக்காக மண் தோண்டிய பெரிய பள்ளம் ஒன்றை மூடிவிட்டு, அந்த இடத்தை மனை போட்டு விற்க அவள் கையெழுத்துக் கேட்டு சக்கரபாணி வந்திருந்தார். இடத்தைப் போய்ப் பார்த்தவள், முந்தாநாள் அவரிடம் நேரடியாகவே சொல்லிவிட்டாள்.

"அங்க வூடு கட்டினா நிக்காதுங்க. நான் கையெழுத்து போட முடியாது."

"லைசென்ஸு உங்ககிட்ட மட்டும்தானா இருக்குது?" என்றார் சக்கரபாணி. குரலில் கோபமே இல்லை. எழுந்து வாசல் வரை போனவர் நின்று திரும்பினார். "டெய்லி பஸ்ஸுலதான போய்ட்டு வரீங்க? பாத்து போங்கம்மா."

அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. மிரட்டலைவிட அந்த அமைதிதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. இன்று காலையிலிருந்து அவருடைய ஆட்கள் இரண்டு பேர் அவள் அலுவலகத்துக்கு எதிரே பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

செல்போனை எடுத்துக் கணவன் ராஜ்மோகனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்டு. இந்நேரம் உள்ளே இறங்கியிருப்பான்.

கம்மாபுரத்துக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிடலாமா என்று நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை வயல். ஆள் நடமாட்டமே இல்லை. பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

கம்மாபுரத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. பின்னாலேயே அவனும் இறங்கினான்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஆளில்லாத கொல்லைக் காடுகளைத் தாண்ட வேண்டும். அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை. நேராக நீலாவதியின் டீக்கடைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் இங்க இருந்துக்கறேன்."

நீலாவதி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலில் வந்து நின்ற அவனைப் பார்த்தாள். பால் சட்டியில் கிடந்த கரண்டியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"யாருய்யா நீ? என்னா வேணும்?"

அவன் நீலாவதிக்குப் பதில் சொல்லவில்லை. சிவசங்கரியைப் பார்த்து, "மேடம், அந்தப் பள்ளத்துல நீங்க தோண்டிப் பாத்தீங்களா?" என்றான்.

"சக்கரபாணி கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரா?"

"எவ்ளோ ஆழத்துக்குப் போனீங்க? அத மட்டும் சொல்லுங்க."

கடையில் டீ குடித்துக்கொண்டு நாலு பேர் இருந்தார்கள். சொல்வதை அவர்கள் முன்னால் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஆள் மட்டத்துக்குத் தோண்டச் சொன்னேன். ஒடஞ்ச கப்பு, சாம்பல், குப்பை. அதுக்குக் கீழயும் அதேதான் வந்துச்சி. கெட்டி மண்ணு தட்டவே இல்ல. நல்லா ஒரு மழ புடிச்சா அங்க கட்டுற வூடு அப்படியே உள்ள எறங்கிடும். என்னைய என்ன பண்ணாலும் கையெழுத்து போட மாட்டேன். போயி அவர்கிட்ட சொல்லிடுங்க."

அவன் கோபப்படவில்லை. கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"இன்னிக்குக் காலையில நானும் அங்க போயிருந்தேன். கடப்பாரைய ஊன்றேன், புடி வரைக்கும் உள்ள போவுது. அப்பவே ஜனங்க வந்து மனை பாத்துக்கினு நிக்கிறாங்க. ஒருத்தரு கொழந்தையத் தோள்ல வச்சிக்கினு, இது நம்ம ரூமு, இது அம்மா சமைக்கிற எடம்னு காட்டிக்கிட்டிருந்தாரு."

அவன் தெருவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"நீங்க மாட்டேன்னதா கேள்விப்பட்டு உங்க ஆபீஸுக்கு வந்தேங்க. வாசல்ல சக்கரபாணி ஆளுங்க நின்னானுங்க. உங்ககிட்ட பேசுறத பாத்தா என்னைய வுட மாட்டானுங்க. அதான் பஸ்ஸுல ஏறிட்டேன்."

நீலாவதி கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் யாரென்று சிவசங்கரிக்கு இன்னும் பிடிபடவில்லை.

"நீங்க யாருங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். 

"நேத்து அந்தப் பிளான்ல கையெழுத்து போட்டது நான்தாங்க."