வாசல் தாண்டிய மஞ்சள்

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, பின்னால் இருக்கிறவளுக்கும் கேட்க வேண்டாமா? ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி மூடின வாசலைத் திறந்த கதை சொல்கிறேன். ரத்தம் கிடையாது, பயப்படாதீங்க.

கமுதிக்குக் கிழக்கே ஒரு மிளகாய்க்காட்டு ஊர். அங்கே மினிபஸ் வரத் தொடங்கிய வருஷம், முத்தழகு தன் வீட்டு நிலைவாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

கையில் பச்சை நிறத் தண்ணீர்த் துப்பாக்கி.

தெருவுக்கு அந்தப் பக்கம், அடிகுழாயை ஒட்டி, அவளுடைய தாய்மாமன் நாகநாதன். சலவைக்குப் போட்டெடுத்த வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தோளில் கிடந்த துண்டு வலது கையை மூடியிருந்தது.

அன்று அம்மன் கோவில் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் நாள். அந்த ஊரில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் நனைத்தார்களோ அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் ஈரத்துணி மாற்ற வேண்டும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அம்மன் தண்ணீராயிற்றே, கோபம் பகை என்று யாரும் மறுக்க முடியாது.

முத்தழகுக்கு வேண்டியது அதுதான். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் மணவறை ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாமனோ இந்த வாசலை மிதித்து வருஷக்கணக்காகிறது.

பெரிய காரணமெல்லாம் இல்லை. ஒரு கிடாவெட்டில் தலைக்கறி யாருக்கு என்று அவருக்கும் முத்தழகின் அப்பா உக்கிரபாண்டிக்கும் வாய்ச்சண்டை. "இனிமே ஓம் படிய மிதிச்சா என்னைய ஏன்டா நாயேன்னு கேளு!" என்று இலையை மடித்துவிட்டுப் போனவர்தான்.

போன திருவிழாவில் செம்போடு துரத்தினாள். சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டார். இந்தத் தடவை துரத்தவும் வழியில்லை. பரிசம் போட்ட பெண், அம்மன் தண்ணீர் மேலே பட்டாலொழிய, அன்றைக்கு வாசல் தாண்டக் கூடாது. வாசலில் நின்று செம்பை வீசினால் பாதித் தெருவுக்குக்கூடத் தண்ணீர் போகாது.

அதனால்தான் துப்பாக்கி.

இராமநாதபுரத்தில் வாவு முகம்மதுவின் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு வாளித் தண்ணீரைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக முக்கி அடித்துப் பார்த்தாள். சிவப்பு, விசையை இழுத்தால் பச்சைப்பிள்ளை எச்சில் துப்புவதுபோலத் துப்பியது. நீலம் கெட்டிதான், ஆனால் கைப்பிடி வழியே ஒழுகி முழங்கை வரை நனைத்தது. மீன் மாதிரி ஒன்று இருந்தது. அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். கடைசியாகத்தான் இந்தப் பச்சை. பின்னால் தண்டை இழுத்துத் தள்ளும் பம்பு வகை.

"ஒரு பொம்மைக்கு இம்புட்டுச் சோதனையா? காலையில ஒரு மனுசன் வந்து இதே மாதிரி என் கடையக் கழுவிவிட்டுப் போனாரு. இப்ப நீ வந்திருக்கெ!" என்று முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரித்துப் போட்டாள். உள்ளிருந்த ரப்பர் தொளதொளத்தது. அதை எறிந்துவிட்டு, சைக்கிள் பம்பின் தோல் வாஷரைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து மாட்டினாள். வாய் அகலமாக இருந்தது. பால்பாயிண்ட் பேனாவின் மூக்கை நறுக்கிச் செருகி, சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். வெறும் தண்ணீர் தெருவைத் தாண்டி அடிகுழாயை நனைத்தது.

மஞ்சள் கரைத்து அடித்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

அரைத்த மஞ்சளின் திப்பி மூக்கை அடைத்துக்கொண்டது. துப்பாக்கி செய்தவனுக்கு அம்மன் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும்? அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, தண்ணீரை அதில் திரும்பத் திரும்ப வடிகட்டினாள்.

இதோ, இப்போது வாசலில் நின்று தண்டை இழுத்துவிட்டாள்.

"ஏலே நாகநாதா, ஓடிருடா! அக்கா மக பீரங்கி வச்சிருக்கா!" எதிர்வீட்டு மாடியிலிருந்து கருத்தம்மாள் கத்தினாள்.

அவர் ஓடவில்லை. துண்டுக்கடியில் வலது கை மட்டும் என்னவோ செய்துகொண்டிருந்தது. முகம் கோணியது.

முத்தழகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள்.

மஞ்சள் தண்ணீர் கம்பியாய் நீண்டு தெருவைக் கடந்தது. நடு நெஞ்சில் அடித்தது. சந்தேகம் வேண்டாமென்று மீசையிலும் ஒன்று கொடுத்தாள்.

தெரு முழுக்கக் குலவை. முத்தழகு துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, வாசல் தாண்டாமல், நின்ற இடத்திலேயே குதித்தாள். அவள் அம்மா உமையாள் தம்பிக்கு மாற்றுவேட்டி எடுக்க உள்ளே ஓடினாள், ஓடும்போதே அழுதாள்.

உக்கிரபாண்டி படியிறங்கி வந்து நின்றார். "வாங்க மாப்ள. தலைக்கறி ஒங்களுக்குத்தான் எடுத்து வச்சிருக்கு."

நாகநாதன் சொட்டச் சொட்டப் படியேறினார். உள்ளே வந்து துண்டை உதறியபோது பச்சையாக ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

பின்னால் தண்டு. வாயில் நறுக்கிச் செருகிய பேனா மூக்கு. மூக்கு நிறைய மஞ்சள் திப்பி.

முத்தழகு அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, வடிகட்டலையா?"

"அத யாருடி எனக்குச் சொன்னா?" என்றார் அவர், மீசையைத் துடைத்துக்கொண்டே. "ஒங்க அத்தை காலையிலயிருந்து ஒனக்கு மாத்துச் சேலைய மடியில வச்சுக்கிட்டு எங்க வாசல்லயே ஒக்காந்திருக்கா."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டை விட்டுக் கோபித்துப் போனவர்கள் எல்லாரும் நனைந்த துணியோடு சிரித்துக்கொண்டே படியேறி வரட்டும். அவர்களுக்கென்று உலர்ந்த வேட்டி ஒன்று உங்கள் கொடியில் எந்நாளும் கிடக்கட்டும்.