கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப்காரர்

வருடா வருடம் கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப் வெளியாகும் அன்று, தபால் நிலையத்தில் முதல் ஆளாக அந்தப் பெரியவர் வந்து நிற்பார். ஸ்டாம்பை உறையில் ஒட்டி, தன் விலாசத்துக்கே அனுப்பிக்கொள்வார். முத்திரை விழுந்த ஸ்டாம்ப் சேர்ப்பவர்கள் செய்கிற வேலைதான். அந்த வருடம்தான் கவுண்டர் வேலைக்கு மாறியிருந்த, தானும் ஸ்டாம்ப் சேர்க்கிற அக்காவுக்குத் தன் கட்சியில் ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம்.

“முதல் கிறிஸ்துமஸ் ஸ்டாம்ப் கனடாவுதா, ஆஸ்திரியாவுதான்னு இன்னும் சண்டை ஓயலை. நீங்க யார் பக்கம் சார்?”

“இருக்கிற சண்டையே போதும்மா.”

“சரி, முத்திரை படத்து மேல விழாம ஓரமா குத்துறேன்.”

“எங்க வேணா குத்தும்மா. ஆனா பதிவுத் தபால்ல போகணும். பெட்டியில போட்டுட்டுப் போகக் கூடாது. கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கணும்.”

முத்திரையைப் பற்றிக் கவலையே படாத ஸ்டாம்ப் பிரியரை அவள் அன்றுதான் பார்த்தாள்.

மறுநாள் காலை தபால்காரரிடம் அந்த உறையை நீட்டினாள். “உங்க ஏரியா ஸ்டாம்ப் கிறுக்கரோடது. கசங்காம கொண்டுபோங்க.”

“அவருக்கு ஸ்டாம்ப்பைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுக்கா.”

“பின்ன எதுக்கு இந்தப் பாடு?”

“என் கல்யாணத்தன்னிக்கு, ‘இனி மகன்னு சொல்லிக்கிட்டு வாசப்படி மிதிக்காதே’ன்னார். சொன்ன சொல்லை மாத்த மாட்டார் எங்கப்பா. தபால்காரன் வந்தா மட்டும் கதவைத் திறப்பார்.”

அக்கா உறையில் இருந்த விலாசத்தை மறுபடி ஒருமுறை படித்தாள்.

“எல்லாரும் ஏரியா மாறினப்ப, நான் மட்டும் ஏன் இதையே கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்னு சிரிச்சீங்களே” என்றவர், பையில் எல்லாத் தபாலுக்கும் மேலாக அந்த உறையை வைத்துக்கொண்டார்.