அருவியைப் பார்த்த தடி

பனிமலை அடிவாரத்துக் கடையில், அருவிக்கு நடந்து போகிறவர்களுக்குக் கைத்தடி வாடகைக்குக் கிடைக்கும். தடிகள் தினமும் மலை ஏறின. ஆனால் ஒன்றுகூட அருவியைப் பார்த்ததில்லை. கடைசி வளைவில் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் போக முடியும். அதனால் எல்லோரும் தடியைப் பாறையில் சாய்த்துவிட்டுப் போவார்கள்.

அங்கே காத்திருக்கும் நேரத்தில், இரும்புப் பூண் போட்ட மூத்த தடி மற்ற தடிகளுக்கு அருவியைப் பற்றிச் சொல்லும்.

"ஏழு அடுக்கு. பால் மாதிரி வெள்ளை. நடுவுல எப்பவும் வானவில் நிக்கும்."

ஒருநாள் முழங்கால் வலியோடு வந்த ஒருத்தி, தான் வாடகைக்கு எடுத்த பைன் மரத் தடியைப் பாறையில் சாய்க்காமல் முதுகுப்பையில் செருகிக்கொண்டு சங்கிலியைத் தாண்டிப் போனாள். அது சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்று மற்ற தடிகள் கேட்டன.

"ஒரே அடுக்குதான். தண்ணி சாம்பல் நிறம். ஆனா அது விழுற சத்தத்துல பாறையே அதிருது. எனக்கு இன்னும் நடுக்கம் நிக்கல."

"வானவில்?" என்றது மூத்த தடி.

"இல்லையே."

"அடுக்கு ஏழு இருக்கணுமே."

"நல்லாப் பார்த்தேன். ஒண்ணுதான்."

மூத்த தடி மற்றவர்கள் பக்கம் திரும்பியது. "பாவம், இவனை வேற ஏதோ அருவிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

எல்லாத் தடிகளும் ஆமாம் என்றன.

கீழே கடையில், கடைக்காரர் துடைத்து வைத்த பிறகு, பைன் தடி மூத்த தடியிடம் மெதுவாகக் கேட்டது.

"அண்ணே, அந்த ஏழடுக்கு அருவிக்கு எந்தப் பக்கம் போகணும்?"