ரத்தம் பார்த்த மிஷின்

"இந்த மிஷின் ரத்தம் பாத்திருக்காண்ணே?"

கொட்டகைக்குள் வந்து நின்றதும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வியே இதுதான். பெரியண்ணன் துணியை எடுத்து மிஷினைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

இலுப்பூரில் பழைய மிஷின் வாங்கி விற்கிற மனிதர் அவர். லேத்து, டிரில்லிங் மிஷின் எல்லாம் வந்த சூட்டில் போய்விடும். கதவுக் கீலுக்குத் தகரம் குத்துகிற இந்த பிரஸ் மிஷின் மட்டும் இரண்டு ஆயுதபூசைக்குப் பொட்டு வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. வருகிறவன் எல்லாம் டீக்கடையில் விசாரிப்பான். விரலைக் காவு வாங்கின மிஷின் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதோடு போனவன்தான்.

கொட்டகைக்காரர் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இந்தப் பெண்ணை விட்டால் இனி எடைக்குப் போட வேண்டியதுதான்.

"என்ன தங்கச்சி இப்படிக் கேட்டுட்டீங்க? சுத்தமான மிஷின். பெயின்ட்டைப் பாருங்க, பச்சைப் பசேல்னு."

"பெயின்ட்டு புதுசுதான். நான் மிஷினைக் கேட்டேன்."

ஆவூர்க்காரி, பேர் சூசைமேரி என்று போனில் சொல்லியிருந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கிரீஸ் பட்டுவிடுமோ என்பதுபோல் ஒதுங்கி ஒதுங்கி மிஷினைச் சுற்றி வந்தாள். இது எங்கே வாங்கப் போகிறது என்று பெரியண்ணன் நினைத்துக்கொண்டார்.

"கம்பெனிக்கா?"

"வீட்டுக்குத்தாண்ணே. மாட்டுக்கொட்டகையில சிமெண்டுத் தரை போட்டு, த்ரீ ஃபேஸ் கரண்டும் இழுத்தாச்சு."

"அப்பறம் என்ன? தைரியமா எடுத்துட்டுப் போங்க. அந்தப் பிரகதாம்பா மேல சத்தியமா இது ஒரு சொட்டு ரத்தம் பாத்ததில்ல."

"நான் மாதா கோயிலுக்குப் போறவ. எனக்காக ஒங்க சாமிய ஏண்ணே பொய்சாட்சிக்குக் கூப்புடுறீங்க?"

பெரியண்ணன் மனைவி ராஜலட்சுமி டீயோடு வந்தாள். சூசைமேரி டம்ளரைப் பீச்சாங்கையால் வாங்கினாள். ராஜலட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது.

"வீடு தேடி வந்தவளுக்கு டீ குடுத்தா, வாங்குற லட்சணத்தப் பாருங்க" என்று புருஷன் காதில் முனகிவிட்டுப் போனாள். திமிர்தான் என்று அவருக்கும் தோன்றியது. ஆனாலும் கிராக்கி ஆயிற்றே.

சூசைமேரி டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப நான் வாரேண்ணே. நான் தேடி வந்த மிஷின் இது இல்ல."

"என்னம்மா இது! எதைத் தேடி வந்தீங்க?"

"ஒரு பொண்ணோட விரலை எடுத்த பிரஸ் ஒண்ணு ஒங்ககிட்டதான் வந்து கெடக்குன்னாங்க. அதுதான் எனக்கு வேணும். வேற எதுவும் வேணாம்."

பெரியண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வக்கீல் அனுப்பிய ஆளா? அந்தப் பொண்ணு வீட்டு ஆளா? கொண்டுபோய்ச் சம்மட்டியால் அடித்து நொறுக்கி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ளப் போகிறாளோ?

நொறுக்கினால்தான் நமக்கென்ன, இடம் காலியாகட்டும் என்று துணிந்துவிட்டார்.

"இதுதாம்மா அது. மன்னிச்சுக்கங்க, பொழப்புக்காகச் சொல்லிட்டேன்."

"முன்னாடியே தெரியும். ஒங்க வாயால வரட்டும்னு பாத்தேன்."

"ஒடைக்கவா கொண்டு போறீங்க?"

"ஒடைக்கவா? காசு குடுத்து வாங்கி எவளாச்சும் ஒடைப்பாளா? ஓட்டத்தான்."

"தாயி, நான் சொல்றதக் கேளுங்க. அங்கிட்டு இன்னொரு பிரஸ் நிக்கிது, அதே வெலைக்குத் தாரேன். இது வேணாம். ஒரு தடவ ருசி பாத்த மிஷின் சும்மா இருக்காதும்பாங்க."

"மிஷினுக்கு ஏதுண்ணே நாக்கு?" சூசைமேரி குனிந்து உள்ளே பார்த்தாள். "கைய உள்ள விடாம மறிக்கிற கம்பித் தடுப்பு எங்க?"

"அதக் கம்பெனியிலயே கழட்டிட்டாங்க. அது இருந்தா வேலை வேகமா ஓடாதாம்."

"ஓடாதுதான். அதச் செஞ்சு மாட்டிக் குடுங்க. மெதுவாவே ஓடட்டும்."

"மாட்டுறேன். ஆனாலும் மிஷினை மட்டும் குத்தம் சொல்லக் கூடாது தங்கச்சி. அந்தப் பொண்ணு வேலை நேரத்துல தூங்கிட்டாளாம்."

"யாரு சொன்னா?"

"கம்பெனி மொதலாளிதான்."

"அவரு பக்கத்துல ஸ்டூலு போட்டு உக்காந்து பாத்தாரா?"

பெரியண்ணன் வேலையில் இறங்கினார். பட்டறையில் கிடந்த கம்பியையும் தகட்டையும் எடுத்து வெட்டி, தடுப்பைப் பற்றவைத்து, போல்ட்டு போட்டு முறுக்கிக் கொடுத்தார். சூசைமேரி நகராமல் நின்று, ஒவ்வொரு போல்ட்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தாள்.

வாசலில் குட்டியானை வண்டி பின்பக்கமாக வந்து நின்றது. நான்கு பேர் உருளைக் கட்டை போட்டு மிஷினைத் தள்ளி, சங்கிலியில் தூக்கி ஏற்றினார்கள். கொட்டகையில் அது நின்ற இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

பாரம் இறங்கிய நிம்மதியில் பெரியண்ணனுக்கு மனசு இளகிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நல்லாப் பொழைங்க தங்கச்சி. ஆனா அந்தப் பொண்ணை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. அதுக்கப்பறம் எத்தனையோ கம்பெனி ஏறி எறங்குச்சாம், ஒருத்தனும் வேலைக்கு வச்சுக்கலையாம். இப்ப எங்கிட்டுக் கெடந்து கஷ்டப்படுதோ."

சூசைமேரி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இங்கிட்டுத்தாண்ணே இருக்கேன். இனிமே இது எனக்கு வேலை பாக்கும்."